பெயரின் விலை மூவாயிரம் டாலர்

பி.காம். இரண்டாம் வருஷம் எங்களுக்கு ‘குட்வில்’ என்றொரு பாடம் உண்டு. ஒரு கடையை விலைக்கு வாங்குகிறீர்கள். மேஜை, நாற்காலி, சரக்கு, வரவேண்டிய பாக்கி எல்லாவற்றையும் கூட்டினால் நாலு லட்சம்தான் தேறுகிறது. கடைக்காரர் ஐந்து லட்சம் கேட்கிறார். நீங்களும் கொடுக்கிறீர்கள். அந்த அதிகப்படி ஒரு லட்சம் எதற்கு? போர்டில் இருக்கிற பெயருக்கு. அதுதான் குட்வில். கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது. ஆனாலும் ஐந்தொகையில் சொத்துப் பக்கம் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்.

இந்தப் பாடத்தில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். பெயருக்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள், சரி. பெயரைச் சொல்லாமல் இருப்பதற்கு யாராவது விலை கொடுப்பார்களா? வகுப்பில் கேட்டிருந்தால் வெளியே அனுப்பியிருப்பார்கள். பதில் கிடைக்க இத்தனை வருஷம் ஆயிற்று. அதுவும் ஒரு காதல் நாவலிலிருந்து.

எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவி ஆசிரியர் ஒருநாள் செல்போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ‘‘என்னம்மா, இன்க்ரிமென்ட் வந்துடுச்சா?’’ என்றேன்.

‘‘அதுக்கெல்லாம் நான் ஏன் சார் இங்க வேலை பார்க்கறேன்? எனக்குப் பிடிச்ச ரைட்டரோட அடுத்த புக் வருது. தேதி, ஊரெல்லாம் அறிவிச்சிருக்காங்க.’’

வாங்கிப் பார்த்தேன். புத்தகத்தின் பெயர், அட்டைப்படம், வெளியாகும் தேதி. அப்புறம் ஒரு நீண்ட பட்டியல். எந்த ஊர், எந்தப் புத்தகக் கடை, எத்தனை மணி, மேடையில் கூட உட்கார்ந்து பேசப்போவது யார், கையெழுத்துப் போட்ட பிரதி எங்கே கிடைக்கும். டிசம்பர் மாதத்து சபா கச்சேரிப் பட்டியல் தோற்றது போங்கள்.

‘‘எழுதினோமா, அடுத்த வேலையைப் பார்த்தோமான்னு இல்லாம, இதென்ன ஊர் ஊரா தண்டோரா? அந்தக் காலத்துல எழுத்தாளர் எழுதுவார். விக்கறது பதிப்பாளர் வேலை. இப்ப எழுத்தாளரே பி.ஆர்.ஓ., அவரே கண்டக்டர்’’ என்று என் வயதுக்குரிய பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

அவர் கோபப்படவில்லை. ‘‘எல்லாம் அமெரிக்கா சார். நான் எங்க போகப்போறேன்? ஆனா அந்த லிஸ்ட்டை முழுசா படிப்பேன். ஒவ்வொரு ஊரா.’’

‘‘எதுக்கு?’’

‘‘தெரியல சார். படிச்சா நல்லாருக்கு.’’

என்ன மாதிரி புத்தகம் என்று கேட்டேன். ‘‘லவ் ஸ்டோரிதான். ரெண்டு பேருமே பசங்க’’ என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியாமல் வைத்துக்கொள்வது பத்திரிகைத் தொழிலில் கற்ற முதல் பாடம். மறுநாள் என் மேஜையில் ஒரு புத்தகம் இருந்தது. கேஸி மெக்விஸ்டன் எழுதிய ‘ரெட், ஒயிட் அண்ட் ராயல் ப்ளூ’.

அந்த நாவலுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அதன் பாட்டியைப் பார்த்துவிட வேண்டும்.

1948 டிசம்பர். நியூயார்க்கில் ப்ளூமிங்டேல்ஸ் என்ற பெரிய கடை. கிறிஸ்துமஸ் கூட்டத்துக்காகப் பொம்மை செக்‌ஷனில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்திருந்தார் ஓர் இளம்பெண். வயது 27. பெயர் பாட்ரீஷியா ஹைஸ்மித். ஒருநாள் ஃபர் கோட் அணிந்த பொன்னிறக் கூந்தல்காரப் பெண்மணி ஒருவர் வந்தார். ஒரு பொம்மை வாங்கினார். டெலிவரிக்கு விலாசம் கொடுத்தார். போய்விட்டார். இரண்டு மூன்று நிமிஷ வியாபாரம். ஹைஸ்மித்துக்குத் தலை சுற்றியது. வீட்டுக்குப் போய் அன்று இரவே சுமார் இரண்டு மணி நேரத்தில் ஒரு நாவலின் முழுக் கதையையும் நோட்டில் எழுதினார். மறுநாள் பார்த்தால் காய்ச்சல், உடம்பெல்லாம் கொப்புளம். சின்னம்மை! தலைசுற்றியதில் காதல் பாதி, அம்மை பாதி.

இந்தச் சமாசாரத்தைப் பின்னாளில் எழுதியவர் அவரேதான். அதை ஏன் ‘பின்னாளில்’ என்கிறேன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1950-ல் அவருடைய முதல் நாவல் ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெய்ன்’ வந்தது. அடுத்த வருஷமே ஹிட்ச்காக் அதைப் படமாக எடுத்தார். ஒரே நாவலில் ‘சஸ்பென்ஸ் எழுத்தாளர்’ என்ற முத்திரை. இந்த நேரத்தில் அவர் கையில் இருந்தது இரண்டு பெண்களின் காதல் கதை. முதல் நாவலை வெளியிட்ட ஹார்ப்பர் நிறுவனம் இதை வேண்டாம் என்றது. ஹைஸ்மித் கணக்குப் போட்டார். இதையும் என் பெயரில் போட்டால் இனிமேல் இந்த மாதிரிக் கதை எழுதுகிறவள் என்று இன்னொரு முத்திரை விழும். 1952-ல் கோவர்ட்-மெக்கான் நிறுவனம் வெளியிட்டபோது அட்டையில் இருந்த பெயர் கிளேர் மார்கன். அப்படி ஓர் ஆளே கிடையாது. நாவலின் பெயர் ‘தி பிரைஸ் ஆஃப் சால்ட்’. உப்பின் விலை.

அடுத்த வருஷம் பேன்டம் நிறுவனம் அதை 25 சென்ட் பேப்பர்பேக்காகப் போட்டது. கிட்டத்தட்ட பத்து லட்சம் பிரதிகள் விற்றதாக ஹைஸ்மித் கணக்குச் சொல்கிறார். காலத்தையும் கொஞ்சம் பாருங்கள். அதே 1953 ஏப்ரலில்தான் ஜனாதிபதி ஐசன்ஹோவர் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். தன்பால் ஈர்ப்பு உள்ளவர்கள் அமெரிக்க மத்திய அரசு வேலையில் இருக்க முடியாது என்று அந்த உத்தரவைக் காட்டித்தான் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை போய்விடும் என்கிற ஊரில் பத்து லட்சம் பிரதி!

எதனால் அப்படி விற்றது? காதல் கதைகளுக்கா அமெரிக்காவில் பஞ்சம்?

காரணம் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அதுவரை வந்த நாவல்களில் இந்த மாதிரிக் காதலர்கள் கதை முடிவதற்குள் ஒழுங்காகச் செத்துப்போவார்கள். மணிக்கட்டை அறுத்துக்கொள்வார்கள், தண்ணீரில் மூழ்குவார்கள். இல்லாவிட்டால் மனம் திருந்திக் கல்யாணம் செய்துகொள்வார்கள். நம் பழைய சினிமாவில் கெட்டுப்போன பெண் க்ளைமாக்ஸில் குறுக்கே வந்து குண்டடி பட்டுச் சாவாளே, அதே ஃபார்முலா. பார்க்கிறவர் பரிதாபப்படலாம், ஏற்றுக்கொள்ள வேண்டிய தொந்தரவு கிடையாது.

இது ஏதோ எழுத்தாளர்களின் கற்பனை வறட்சி என்று நினைத்துவிடாதீர்கள். பச்சையான வியாபாரக் காரணம் இருந்தது. அதே 1952-ல் மரிஜேன் மீக்கர் என்பவர் வின் பேக்கர் என்ற புனைபெயரில் ‘ஸ்பிரிங் ஃபயர்’ எழுதினார். கல்லூரி விடுதியில் இரண்டு பெண்கள். வெளியிட்டது கோல்ட் மெடல் நிறுவனம். எடிட்டர் முதலிலேயே சொல்லிவிட்டார்: முடிவு சந்தோஷமாக இருக்கக்கூடாது. ஏனென்றால் புத்தகக் கட்டுகள் தபாலில் போகின்றன. ஒழுக்கக்கேட்டை ஆதரிக்கிறது என்று தபால் இன்ஸ்பெக்டருக்குத் தோன்றினால் மொத்தச் சரக்கும் பறிமுதல். ஆகவே மீக்கரின் நாவலில் ஒரு பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது. இன்னொருத்தி, நான் அவளைக் காதலிக்கவே இல்லை என்று கண்டுபிடித்துவிடுகிறாள். தபால்துறை திருப்தி. புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. தலைப்புகூட எடிட்டர் கைங்கரியம்தான். அப்போது ஜேம்ஸ் மிச்னர் எழுதிய ‘தி ஃபயர்ஸ் ஆஃப் ஸ்பிரிங்’ பிரபலம். பெயர்க் குழப்பத்தில் நாலு பேர் கூடுதலாக வாங்கமாட்டார்களா என்ற நப்பாசை. எனக்கு அந்த எடிட்டரை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆக, சோகமான முடிவு என்பது அந்த நாவல்களுக்குத் தபால்தலை மாதிரி. ஒட்டினால்தான் போய்ச் சேரும்.

ஹைஸ்மித் ஒட்டவில்லை.

அவருடைய கதையில் தெரேஸ் என்ற 19 வயதுப் பெண் பொம்மைக் கடையில் வேலை செய்கிறாள். நாடக மேடை அமைக்கும் டிசைனராக வேண்டும் என்று ஆசை. வாடிக்கையாளராக வருகிறாள் கேரல். கணவனோடு விவாகரத்து வழக்கு நடக்கிறது. ஒரு சின்னப் பெண்குழந்தை இருக்கிறது. இருவரும் காரில் அமெரிக்காவின் குறுக்கே ஒரு பயணம் போகிறார்கள். பின்னாலேயே கணவன் ஏவிவிட்ட துப்பறிவாளன். ஹோட்டல் அறையில் பேசியதை டேப் செய்கிறான். குழந்தை வேண்டுமா, அந்தப் பெண் வேண்டுமா என்று கேரலிடம் கேட்கிறார்கள்.

நான் இலக்கிய விமர்சகன் இல்லை. டெபிட், கிரெடிட் பார்க்கிறவன். அந்தக் கண்ணாலேயே பார்த்தாலும் இது அபாரமான நாவல் என்று தெரிகிறது. க்ரைம் கதை எழுதுகிற கை காதல் கதை எழுதினால் எப்படி இருக்கும்? தெரேஸ் கேரலைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் ஏதோ குற்றம் நடக்கப்போவது மாதிரி நெஞ்சு படபடக்கிறது. பெட்டியில் ஒரு துப்பாக்கி வேறு இருக்கிறது. யாரும் யாரையும் கொல்வதில்லை. சட்டத்தின் கண்ணுக்கு இந்தக் காதலே குற்றம் என்றால், க்ரைம் நாவல் நடையில்தானே அதை எழுத முடியும்? ஹைஸ்மித் இதை எங்கேயும் விளக்கவில்லை. நம்மை ஓடவிட்டு மூச்சு வாங்க வைக்கிறார்.

முடிவு அதைவிட நேர்த்தி. குழந்தையை வருஷத்தில் சொற்ப நாள்தான் பார்க்கலாம் என்கிற நிலைமைக்குக் கேரல் வந்துவிடுகிறாள். என்னோடு வந்து இருக்கிறாயா என்று தெரேஸைக் கேட்கிறாள். தெரேஸ் மாட்டேன் என்கிறாள். ஒரு பார்ட்டிக்குப் போகிறாள். வேறொருத்தி அவளைப் பார்த்துச் சிரிக்கிறாள். அங்கிருந்து கிளம்பி, கேரல் உட்கார்ந்திருக்கும் உணவு விடுதிக்குப் போகிறாள். தூரத்தில் கேரல் அவளைப் பார்க்கிறாள். கை உயர்கிறது. தெரேஸ் அவளை நோக்கி நடக்கிறாள். அவ்வளவுதான், நாவல் முடிந்தது. ஒரு ஹால், சில மேஜைகள், நடுவே கொஞ்சம் நடை. இந்த நாலடி நடைக்குத்தான் பத்து லட்சம் பேர் தலைக்கு 25 சென்ட் கொடுத்தார்கள்.

அப்புறம் கடிதங்கள் வந்தன. வாரத்துக்கு இரண்டு தடவை, பத்தும் பதினைந்துமாக, பல மாதங்களுக்கு. விலாசம் ‘கிளேர் மார்கன், மேற்பார்வை: பதிப்பகம்’. இல்லாத ஆளுக்கு, இருக்கிறவர்கள் எழுதிய கடிதம். ஆண்களும் எழுதினார்கள். எங்களைப் போன்றவர்களைச் சாகடிக்காமல் விட்டீர்களே என்று நன்றி சொன்னார்கள். சிலர் சின்ன ஊரில் இருக்கிறேன், பேச ஆளில்லை, என்ன செய்வது என்று கேட்டார்கள். ஹைஸ்மித் அப்படிப்பட்ட சிலருக்குப் பதில் போட்டார். என்ன சொன்னார் தெரியுமா? பெரிய ஊருக்குப் போங்கள், அங்கே நாலு பேரைச் சந்திக்க வாய்ப்பு கிடைக்கும் என்றார்.

நல்ல யோசனைதான். ஆனால் பெரிய ஊரில் எங்கே? எந்தத் தெரு, எந்தக் கடை, எத்தனை மணிக்கு? அதை அவரால் சொல்ல முடியாது. சொல்ல வேண்டுமானால் முதலில் அவர் அங்கே போய் நிற்கவேண்டும். நிற்கவேண்டுமென்றால் பெயர் வேண்டும்.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்தப் பட்டியல் ஞாபகத்துக்கு வந்தது. எந்த ஊர், எந்தக் கடை, எத்தனை மணி. தண்டோரா என்று நக்கலடித்தேனே, அது தண்டோரா இல்லை. 1953-ல் வந்த கடிதங்களுக்கு எழுபது வருஷம் கழித்துப் போடுகிற பதில். ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் ஒருவர் போகவே முடியாத கடைகளின் பெயரை ஒவ்வொன்றாகப் படிப்பதன் அர்த்தம், போக முடியும் என்பதல்ல. இப்படிப் போகக்கூடிய இடங்கள் உலகத்தில் இருக்கின்றன என்பது.

இப்போது என் பி.காம். சந்தேகத்துக்கு விடை.

1983-ல் நையட் பிரஸ் என்று ஒரு பதிப்பகம். பெண்களைக் காதலிக்கும் பெண்களுக்காகவே நடத்தப்பட்டது. ‘தி பிரைஸ் ஆஃப் சால்ட்’ நாவலை மறுபதிப்பு செய்ய ஹைஸ்மித்திடம் கேட்டார்கள். இரண்டு விலை சொன்னார்கள். உங்கள் சொந்தப் பெயரில் போடச் சம்மதித்தால் 5,000 டாலர். கிளேர் மார்கன் என்றே போட்டால் 2,000 டாலர். அப்போது ஹைஸ்மித் உலகப் புகழ்பெற்றவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஐரோப்பாவில் வசிக்கிறார். முப்பது வருஷத்துக்கு முந்தைய நாவல்.

அவர் 2,000 டாலரை எடுத்துக்கொண்டார்.

மூவாயிரம் டாலர்! குட்வில் பாடத்தில் இவ்வளவு சுத்தமான கணக்கு நான் பார்த்ததில்லை. பெயரை விற்று வருகிற லாபமில்லை இது. பெயரை மறைத்துவைக்கக் கொடுத்த ரொக்கம். ஹைஸ்மித் காசு விஷயத்தில் தாராளமானவர் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் யாரும் எழுதவில்லை. அப்படிப்பட்டவர் விட்டுக்கொடுத்த தொகை என்றால் அந்த பயம் எத்தனை வருஷத்து பயமாக இருக்கவேண்டும்!

1990-ல்தான் மனம் மாறினார். லண்டன் ப்ளூம்ஸ்பரி நிறுவனம் ‘கேரல்’ என்ற புதுத் தலைப்பில், பாட்ரீஷியா ஹைஸ்மித் என்ற பெயரோடு வெளியிட்டது. பொம்மைக் கடை, சின்னம்மை, கடிதங்கள் எல்லாவற்றையும் அதன் பின்னுரையில்தான் சொன்னார். முதல் பதிப்புக்கும் இதற்கும் நடுவே 38 வருஷம். 1995-ல் காலமானார். 2015-ல் கேட் பிளான்செட் நடித்து டாட் ஹேன்ஸ் இயக்கிய ‘கேரல்’ படம் வந்தபோது கொண்டாட அவர் இல்லை.

இங்கிலாந்தில் ஈ.எம்.ஃபார்ஸ்டர் கதை இன்னும் மோசம். இந்தியாவுக்கு முதல் முறை வந்துவிட்டுப் போன கையோடு 1913-ல் ‘மாரிஸ்’ எழுத ஆரம்பித்தார். இரண்டு ஆண்கள், சந்தோஷமான முடிவு. அந்த முடிவில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்றார். அதனாலேயே வெளியிட முடியவில்லை. நெருங்கிய நண்பர்கள் மட்டும் கையெழுத்துப் பிரதியில் படித்தார்கள். 1970-ல் தன் 91-வது வயதில் இறந்தார். நாவல் 1971-ல் வந்தது. புத்தகச் செய்தியை அறிவிக்க ஆசிரியரே இல்லை. அந்த வெள்ளைக்காரச் சட்டத்தின் உறவுக்காரன் நம்ம ஊரிலும் இருந்தது ஞாபகமிருக்கும். 1860-ல் எழுதிவைத்த 377-வது பிரிவு. மனமொத்த இரண்டு பேரை அது இனித் தொடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 2018 செப்டம்பர் 6 அன்று.

இந்தப் பின்னணியோடு கேஸி மெக்விஸ்டனுக்கு வந்தால் கண் கூசுகிறது. அவ்வளவு வெளிச்சம்.

லூசியானா மாநிலத்துக்காரர். ஆண், பெண் இரண்டிலும் தன்னை அடக்கிக்கொள்ளாதவர். ஆங்கிலத்தில் அவரை எப்படிக் குறிப்பிடுவது என்று தனி விளக்கமே வேண்டியிருக்கிறது. தமிழில் ‘அவர்’ என்றால் தீர்ந்தது. மரியாதைக்கு மரியாதை, தகராறும் இல்லை. 2019 மே மாதம் வந்த ‘ரெட், ஒயிட் அண்ட் ராயல் ப்ளூ’ அவருடைய முதல் நாவல். அமெரிக்கப் பெண் ஜனாதிபதியின் மகன் அலெக்ஸ், பிரிட்டிஷ் இளவரசர் ஹென்றி. இருவருக்கும் ஆகாது. அரச குடும்பக் கல்யாணத்தில் தள்ளுமுள்ளாகி ராட்சச கேக் மீது விழுகிறார்கள். கௌரவத்தைக் காப்பாற்றச் சிநேகிதர்கள் மாதிரி நடிக்கச் சொல்கிறார்கள். நடிப்பு நிஜமாகிறது. மோதல், காதல். எம்.ஜி.ஆர். படம் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதுசா என்ன?

நாவல் சக்கைப்போடு போட்டது. 2023-ல் அமேசான் படமாகவும் எடுத்தது. சும்மா சொல்லக்கூடாது, வசனங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். எனக்கு ரொம்பப் பிடித்தது இருவரும் எழுதிக்கொள்ளும் மின்னஞ்சல்கள். ஒவ்வொன்றின் கீழேயும் சரித்திரத்தில் யாரோ யாருக்கோ எழுதிய காதல் கடிதத்திலிருந்து ஒரு வரியை ஒட்டி அனுப்புகிறார்கள். அவர்களில் பலர் தங்கள் காதலை ஊரறியச் சொல்ல முடியாதவர்கள். மெக்விஸ்டனுக்குத் தன் பாட்டிகள் யாரென்று தெரிந்திருக்கிறது.

குறை இல்லையா? இருக்கிறது. மின்னஞ்சல்கள் கசிந்து உலகமே படித்துவிடுகிறது. நாவலின் மிகப் பெரிய நெருக்கடி அது. என்ன ஆகிறது? ஜனங்கள் ஆதரவாகத் தெருவுக்கு வருகிறார்கள். அம்மா தேர்தலில் ஜெயிக்கிறார், அதுவும் டெக்ஸாஸையும் சேர்த்து! யாரும் எதையும் நிரந்தரமாக இழக்கவில்லை. கேரல் ஒரு நடைக்குக் குழந்தையைக் கொடுத்தாள். இங்கே எல்லாருக்கும் எல்லாமே தள்ளுபடியில் கிடைக்கிறது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். குப்பை என்று சொல்லமாட்டேன். இனிப்பு தூக்கல். 2016 தேர்தல் முடிவு தந்த கசப்புக்கு மாற்றாக எழுதினேன் என்று ஆசிரியரே சொல்லும்போது, சர்க்கரை அளவைப் பற்றிச் சண்டை போடவும் மனம் வரவில்லை.

உப்புச் சரியாக விழுந்திருப்பது ஆலிஸ் ஓஸ்மனின் ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ படக்கதையில். இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் படிக்கும் சார்லி, நிக் என்ற இரண்டு பையன்கள். 2016-லிருந்து இலவசமாகவே வரைந்துகொண்டிருந்தார். 2018-ல் அச்சுப் புத்தகம் போட வாசகர்களிடமே காசு கேட்டு அறிவித்தார். கேட்ட தொகை இரண்டே மணி நேரத்தில் வந்து விழுந்தது. பெரிய பதிப்பகம், நெட்ஃப்ளிக்ஸ் தொடர் எல்லாம் அதற்கு அப்புறம்தான். முதல் பாகத்தில் பாதிக்குமேல் ஒன்றுமே நடக்காது. ஒருவன் இன்னொருவன் கையைத் தொடலாமா என்று யோசிக்கிறான், அதற்குச் சில பக்கங்கள். பின்னால் சார்லிக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்காத மனநோய் வருகிறது. காதல் அதைக் குணப்படுத்திவிடுவதில்லை. டாக்டரிடம்தான் போகிறார்கள். பக்கத்தில் நிற்க ஒருவன் இருக்கிறான், அவ்வளவுதான். சந்தோஷமான முடிவு என்றால் கஷ்டமே இல்லாத முடிவு இல்லை என்று அந்தப் படங்கள் சத்தம் போடாமல் சொல்கின்றன.

இந்தப் புத்தகத்தைத்தான் 2023 ஜூலையில் ஹங்கேரியில் ஒரு பெரிய புத்தகக் கடை நிறுவனம் பிளாஸ்டிக் உறை போட்டு மூடாமல், இளைஞர் பகுதியில் வைத்து விற்றது என்று அரசு 1 கோடியே 20 லட்சம் ஃபோரின்ட் அபராதம் போட்டது. தபால் இன்ஸ்பெக்டர் ரிட்டயர் ஆகவில்லை. ஊர் மாற்றலாகிப் போயிருக்கிறார்.

சரி, பெயரைச் சொல்வதுதான் முன்னேற்றம், எல்லாரும் சொல்லிவிடுங்கள் என்று முடித்துவிடலாமா? அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

பெக்கி ஆல்பர்டல்லி என்று ஓர் அமெரிக்க எழுத்தாளர். தன்பால் ஈர்ப்புள்ள ஒரு பையனைப் பற்றி 2015-ல் அவர் எழுதிய நாவல் 2018-ல் ‘லவ், சைமன்’ என்று படமாகிப் பிரபலமானது. அவருக்குக் கணவர், குழந்தைகள் உண்டு. உடனே கேள்விகள். எங்கள் கதையை எழுத நீ யார்? எங்கள் பெயரில் சம்பாதிக்கிறாயா? வருஷக்கணக்காக இந்த விசாரணை. கடைசியில் 2020 ஆகஸ்டில் ஒரு கட்டுரை எழுதினார். எனக்கு ஆண், பெண் இருபாலரிடமும் ஈர்ப்பு உண்டு, இதை இப்படிச் சொல்ல நான் விரும்பவில்லை, சொல்லவைத்துவிட்டீர்கள் என்பது சாரம். ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ தொடரில் நிக்காக நடித்த கிட் கானருக்கும் 2022 அக்டோபரில் இதே கதி. அப்போது அவருக்கு வயது 18. விரட்டி விரட்டிக் கேட்டதில் சொல்லிவிட்டு, ஒரு பதினெட்டு வயதுப் பையனை இப்படிச் சொல்லவைத்ததற்கு வாழ்த்துகள் என்கிற தொனியில் நொந்துகொண்டார். வேடிக்கை என்னவென்றால், தன்னைப் பற்றி எப்போது சொல்வது என்பது அவரவர் இஷ்டம் என்பதுதான் அந்த நாவல், இந்தத் தொடர் இரண்டின் செய்தியும்! விரட்டியவர்கள் அவற்றை ரசித்தவர்கள்.

ஹைஸ்மித்தை வாயைத் திறக்காதே என்றார்கள். ஆல்பர்டல்லியை வாயைத் திற என்றார்கள். இரண்டிலும் பெயர் அவருடையது, பூட்டும் சாவியும் மட்டும் ஊராரிடம். பெயரைப் போடுவதும் மறைப்பதும் பெயருக்குரியவர் முடிவு என்று ஆனால்தான் அது சொத்து. இல்லாவிட்டால் அது கடன், பொறுப்புப் பக்கம் எழுதவேண்டிய சமாசாரம்.

நம் மொழிக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. இத்தனை வருஷம் பத்திரிகைகளில் நாங்கள் எழுதிவந்த வார்த்தை ‘ஓரினச் சேர்க்கை’. நானும் எழுதியிருக்கிறேன். அதில் படுக்கை இருக்கிறது, காதல் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதன் பேரில் 2022-ல் தமிழக அரசு மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ‘தன்பாலீர்ப்பாளர்’ அந்த வகைச் சொல். பெயர் வைப்பதற்குக்கூட கெஜட் தேவைப்பட்டிருக்கிறது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ‘‘எப்படி சார் இருந்துச்சு?’’ என்றார் உதவி ஆசிரியர். சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி என்றேன். ‘‘எங்களுக்கு இப்பதான சார் கிடைக்குது, கொஞ்சம் ஜாஸ்தியாவே இருக்கட்டும்’’ என்றார். எங்களுக்கு என்றால் யாருக்கு? இளைஞர்களுக்கா, பெண்களுக்கா, வேறு யாருக்காவதா? நான் கேட்கவில்லை. ஆல்பர்டல்லி கதையைப் படித்தபிறகு கேட்பேனா?

பதிலுக்கு ‘கேரல்’ நாவலைக் கொடுத்தேன். உள் பக்கத்தில் கிளேர் மார்கன் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன்.

அந்தப் பட்டியலில் இருக்கும் புத்தகக் கடைகளில் கையெழுத்து வாங்க வரிசை நிற்கும். ஒவ்வொருவர் முறை வரும்போதும் எழுத்தாளர் தலை நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்பார்: ‘‘யார் பெயருக்குப் போடட்டும்?’’ வந்தவர் தன் பெயரைச் சொல்வார். எழுத்தாளர் அதை எழுதி, கீழே தன் பெயரைப் போடுவார். ஒரே பக்கத்தில் இரண்டு பெயர். சாதாரண விஷயம்தான், எல்லாப் புத்தகத் திருவிழாவிலும் நடப்பதுதான். 1953-ல் அந்தப் பத்து லட்சம் பிரதிகளில் ஒன்றில்கூட அது நடக்கவில்லை.